சாவிக்காரர் மணிவண்ணனுக்கு வாய்த்த வண்டி

பெரம்பலூர் துறையூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில், சாவிக்காரர் மணிவண்ணன் வீட்டில், கட்டில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெஷின் இருந்தது. கார் சாவி வெட்டும் மெஷின். அது உள்ளே வந்த அன்றே கட்டில் வாசலுக்கு வந்துவிட்டது. கட்டிலோடு மணிவண்ணனும் வந்துவிட்டார். மெஷின் மட்டும் ஃபேனுக்குக் கீழே சுகமாக இருந்தது. அதன் தலைமேல் மனைவி கமலவேணி துவைத்த துணிகளை மடித்து அடுக்கினாள்.

மெஷின் வந்ததற்குக் காரணம் திருச்சிக்காரன். அந்தத் திருச்சிக்காரனை மணிவண்ணன் நேரில் பார்த்ததில்லை. அவனிடம் ஒரு வேன் இருந்தது. வேனுக்குள் மெஷின் இருந்தது. பைபாஸில் யாராவது காருக்குள் சாவியை வைத்துப் பூட்டிவிட்டால், டீ குடித்து முடிப்பதற்குள் வந்து நின்றுவிடுவான். மணிவண்ணன் வீட்டுக்கு அடுத்த தெரு டாக்டரே தன் கார் சாவி தொலைந்ததும் திருச்சிக்குத்தான் போன் போட்டார். அந்த டாக்டர் வீட்டுக் கேட்டுக்குப் பூட்டு மாட்டிக்கொடுத்தது மணிவண்ணன். அவருக்கு அது உறுத்தியது. மெஷினை வாங்கிவிட்டார்.

வாங்கிய பிறகுதான் அதை எதில் ஏற்றுவது என்கிற கேள்வி வந்தது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் அவரைச் சுமந்து திரிந்தது ஒரு எக்செல் மொபெட். மெஷினை முன்னால் வைத்தால் கால் வைக்க இடமில்லை. பின்னால் வைத்தால் முன்சக்கரம் குதிரை மாதிரி எழுந்து நின்றது. கைவிட்டுப் போன கார் வேலை திரும்பி வரவேண்டுமானால் வேன் வாங்கியாக வேண்டும்.

"ஆனி முடியறதுக்குள்ள ஒரு வண்டியப் பாருங்க. ஆடியில யாரும் வண்டி எடுக்கமாட்டாங்க. இல்லன்னா அண்ணன் சொல்றபடி மெட்ராசுக்குக் கெளம்புங்க. ரெண்டுல ஒண்ணு, கட்டிலு உள்ள வரணும்" என்றாள் கமலவேணி.

கமலவேணியின் அண்ணன் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சூப்பர்வைசர். மணிவண்ணனுக்காக அங்கே செக்யூரிட்டி வேலை ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார். ஆயுசு முழுக்கப் பூட்டைத் திறந்தவரை, பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்கிறார். அது உத்தியோகமா தண்டனையா என்று மணிவண்ணனுக்குப் புரியவில்லை. தண்டனைக்கு விசில் தருவார்களா என்றும் தெரியவில்லை.

எந்த வேன் வாங்குவது என்று நாலு பேரிடம் கேட்டார். கேட்காமலேயே இன்னும் நாற்பது பேர் சொன்னார்கள். உள்ளே நின்று வேலை பார்க்க உயரமான வண்டி வேண்டும் என்றார் ஒருவர். உயரமான வண்டி பைபாஸ் காற்றில் ஆடும், ஆடினால் சாவி கோணலாக வெட்டும் என்றார் அடுத்தவர். வெள்ளை நம்பர் பிளேட் போதும் என்றார் ஒரு மெக்கானிக். மஞ்சள் பிளேட் இல்லாமல் தொழில் செய்தால் பிடித்துவிடுவார்கள் என்றார் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பஞ்சர் ஒட்டியவர். தா.பழூர் பக்கம் அறுப்புக் காலத்தில் ரோட்டில் பாதி நெல் காயும். மிச்சமிருக்கிற பாதியில் எக்செல் போகும், வேன் போகுமா என்று ஒருவர் கேட்டார். நன்றாகத் தெளிந்த மனதோடு விசாரிக்க ஆரம்பித்த மணிவண்ணன், வலது பக்கம் கதவு வைத்த வண்டியா இடது பக்கம் கதவு வைத்த வண்டியா என்கிற இடத்துக்கு வந்தபோது, தனக்கு வலது எது என்பதையே கையைத் தூக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது.

கடைசியில் அரியலூருக்குப் போனார். கமலவேணியின் தம்பி காசிநாதன் அங்கே செந்துறை ரோட்டில் பழைய வண்டி புரோக்கர். ஒரு காலி மனையில் கம்பிவேலி போட்டு வண்டிகளை நிறுத்தியிருந்தான். சிமெண்டு லாரிகள் போகிற ரோடு என்பதால் எல்லா வண்டிக்கும் ஒரே நிறம். தண்ணீர் ஊற்றித் துடைத்தால்தான் வண்டியின் சொந்த நிறம் தெரியும்.

"வாங்க மாமா. குட்டி யானை பாக்கறீங்களா?" என்று ஒரு திறந்த வண்டியைத் தட்டினான்.

"மேல ஒண்ணும் இல்லியே மாப்ள. மழை வந்தா?"

"தார்ப்பாய்."

"வெயில் அடிச்சா?"

"அதே தார்ப்பாய்தான் மாமா. வெயிலுக்குத் தனியா ஒண்ணு போடுவாங்களா?"

அடுத்து ஒரு மஞ்சள் வேன், முன்பு பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. சீட்டுக்கடியில் இன்னும் ஒரு டிபன் பாக்ஸ் மூடி கிடந்தது. அதற்கடுத்து நீளமான வெள்ளை வேன் ஒன்று. பக்கவாட்டில் எதையோ சுரண்டி எடுத்த தடம். மணிவண்ணன் கண்ணைச் சுருக்கிப் படித்தார். 'குளிர்பெட்டி வாடகைக்கு' என்று எழுதியிருந்தது.

"இது நல்ல வண்டி மாமா. என்னிக்கும் ஓவர் ஸ்பீடு போனதில்ல. இதுல போன ஆளுங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைண்ட் சொன்னதில்ல."

மணிவண்ணன் அதிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மூலையில் ஒரு சுத்தமான வெள்ளை வேன் நின்றது. எழுத்து கிடையாது, படம் கிடையாது. பின்னால் மூடியிருந்தது. உள்ளே மெஷினை வைத்தால் அதற்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலும் வைக்கலாம். லைசென்ஸ் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார், வண்டிதான் இல்லை.

"இத ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. எக்செல்ல இங்க போட்டுட்டுப் போங்க" என்றான் காசிநாதன்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கீழப்பழுவூர் கொளஞ்சியம்மாள்.

"தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

அவ்வளவுதான் பேச்சு. எதற்கு என்று அந்த அம்மாள் சொல்வதில்லை, மணிவண்ணன் கேட்பதும் இல்லை. பீரோ சாவிதான். ஏற்கெனவே அந்த வீட்டுக்கு அதே பீரோவுக்காகப் போயிருக்கிறார்.

வெள்ளை வேன் கீழப்பழுவூரில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தது. மணிவண்ணன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். எக்செல்லில் வந்தால் திரும்பிப் பார்க்காத தெரு, இப்போது பார்த்தது. பார்த்ததோடு நிற்கவில்லை, ஓடியது. ஒரு வீட்டில் கிரைண்டர் சத்தம் நின்றது. இன்னொரு வீட்டில் பாட்டு நின்றது. ஒரு பெண் மாடியேறி, மூங்கில் கழியால் கம்பத்திலிருந்து எதையோ தட்டிவிட்டாள். கொக்கி போட்ட ஒயர்கள் தெரு நெடுக ஒவ்வொன்றாக விழுந்தன. கரண்டு திருட்டைப் பிடிக்கிற ஸ்குவாடு இப்படித்தான் பெயரில்லாத வெள்ளை வண்டியில் வரும் என்பது அப்போது மணிவண்ணனுக்குத் தெரியாது. இவ்வளவு மரியாதை எதற்கு என்று அவருக்குக் குழப்பமாக இருந்தது.

கொளஞ்சியம்மாள் வாசலில் நின்றார். ஐம்பதைத் தாண்டிய, கட்டான உடம்பு. அவருக்குப் பின்னால் மூத்த மருமகள் பிரவீணா, அவளுக்குப் பின்னால் இளைய மருமகள் சத்யா. எதிர்வீட்டு கிருஷ்ணம்மாள் விளக்குமாறும் கையுமாகத் தெருவுக்கே வந்துவிட்டார்.

"யாருங்க நீங்க?" என்றார் கொளஞ்சியம்மாள்.

"அம்மா, நாந்தாங்க. போன் போட்டீங்களே."

"நான் யாருக்குப் போன் போட்டேன்? நாங்க ஒழுங்கா பில்லு கட்டறவங்க. மீட்டர வேணா பாத்துக்கங்க."

"இல்லீங்கம்மா, சாவி..."

"எங்க வூட்டுச் சாவியெல்லாம் இருக்கற எடத்துல பத்திரமா இருக்கு. வேற வூட்டப் பாருங்க!"

சொல்லும்போதே அவரது வலது கை இடுப்புப் பக்கம் போய், அங்கே ஏதோ இருப்பதுபோலத் தட்டிக்காட்டியது.

மணிவண்ணன் வண்டியைத் திருப்ப முடியாமல் ரிவர்ஸிலேயே தெருவைக் கடந்து, மெயின் ரோட்டுக்கு வந்து, ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். தப்பான வீட்டுக்குப் போய்விட்டோமா? வீடு அதுதான். தப்பான ஆளா? ஆளும் அதுதான். ஒருவேளை தப்பான ஆள் நாமாக இருக்குமோ என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. குரல் கிசுகிசுப்பாக இருந்தது. கோழிக் கூட்டுக்குள் இருந்து பேசுவதுபோலப் பின்னால் கோழிகள் கொக்கரித்தன.

"ஏந்தம்பி, என்னா காரியம் பண்ணிட்டீங்க? கப்பல் மாதிரி ஒண்ணக் கொண்டாந்து வாசல்ல நிறுத்துறீங்களே! எப்பவும் போல அந்தக் குட்டி வண்டியில வாங்க. முந்தி வந்தப்ப எதுத்த வூட்டுக்காரி கேட்டா, என் தம்பி மவன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அப்படீங்களா?"

"ஆமா. நீ திருப்பூர்ல இருக்க. ரெண்டு புள்ள. ஞாபகம் வச்சுக்க."

மணிவண்ணன் அரியலூருக்குப் போய் எக்செல்லை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். வரும் வழியெல்லாம் யோசனை. இந்த வீட்டில் நாம் தம்பி மகன் என்றால், மற்ற வீடுகளில் யார்? தா.பழூரில் ஒரு வீட்டில் தன்னை 'மிக்சிக்காரரே' என்று கூப்பிட்டது ஏன் என்று இப்போது புரிந்தது. ஒரு கிராமத்தில் பெண் பார்க்க வந்தவரா என்று ஒரு கிழவர் கேட்டதும், இவர் சிரித்ததும், அந்த வீட்டம்மா வாயில் விரலை வைத்துச் சைகை காட்டியதும் ஞாபகம் வந்தது. வருஷக்கணக்காக இரண்டு மாவட்டத்திலும் அவர் சாவிக்காரராகப் போனதே இல்லை போலிருக்கிறது. அவருக்கு மட்டும்தான் அது தெரியாது.

மருமகள்கள் இருவரும் குளத்துக்குப் போயிருந்த நேரம். கொளஞ்சியம்மாள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"பீரோ சாவி இடுப்புல இருக்கற வரைக்கும்தான் தம்பி நான் இந்த வூட்டுக்கு மாமியா. தொலைச்சுட்டேன்னு தெரிஞ்சா, 'வயசாயிடுச்சு அத்தை, எங்கிட்டக் குடுத்துடுங்க'ன்னு பெரியவ கைய நீட்டிடுவா. நேத்து அரிசிப் பானையவே கொட்டித் தேடிட்டேன், காணும். நீங்க எதுக்கு வந்தீங்கன்னு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

மணிவண்ணன் புதுச் சாவி ஒன்றை அரத்தால் ராவி, திருகிப் பார்த்து, பூட்டு அசைந்ததும் நிறுத்திவிட்டார். கடைசித் திருப்பலை அவர் திருப்புவதில்லை. சாவியை வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். பீரோ திறந்து, உள்ளே இருப்பதைத் தடவிப் பார்த்து, மூடுகிற சத்தம் வரும்வரை திரும்பமாட்டார். இது அவரே வைத்துக்கொண்ட முறை. இதனால் இரண்டு மாவட்டத்திலும் யார் வீட்டில் என்ன நகை இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. யார் வீட்டில் என்ன காலண்டர் மாட்டியிருக்கிறது என்று தெரியும். அன்றும் ஒரு தினசரிக் காலண்டர் எதிரே இருந்தது. கீழே ராசிபலன். ராசிக்கு ஒரே ஒரு வார்த்தை. மணிவண்ணனுக்குக் கடகம். கடகம்: குழப்பம்.

காலண்டர்காரனுக்கு எப்படித் தெரிந்தது என்று வியந்தபடி அரியலூர் போய்ச் சேர்ந்தார்.

"மாப்ள, இந்த வண்டி ஆவாது. கண்ணுக்குத் தெரியாத வண்டி ஏதாவது இருக்கா?"

காசிநாதன் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, மனையின் பின்பக்கம் கூட்டிப்போனான். மூடிய வேன் ஒன்று, நீல எழுத்து. 'தேனூற்று குடிநீர்' என்று இரண்டு பக்கமும் எழுதி, ஒரு கேன் படமும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரும் வரைந்திருந்தது. அந்தக் கம்பெனியை மூடி வெகுகாலம் ஆயிற்று.

"தண்ணி கேன் வண்டிய யாரு மாமா பாக்கறா? தெருவுக்கு ஒண்ணு நிக்குது. எந்த வாசல்ல வேணாலும் நிறுத்தலாம், எந்த வூட்டுக்குள்ள வேணாலும் போலாம். எதுக்கு வந்தீங்கன்னு கேக்கவே மாட்டாங்க."

மணிவண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார். உள்ளே ஏறி நின்றார். தலை இடிக்கவில்லை. ஆனியின் கடைசி வெள்ளிக்கிழமை, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. மெஷின் வண்டிக்குள் போனது. கட்டில் வீட்டுக்குள் வந்தது. கமலவேணி தன் அண்ணனுக்குப் போன் போட்டு, "இப்போதைக்கு அந்த வேலைய வேற யாருக்கும் குடுத்துடாத, பாத்துக்கலாம்" என்று சொன்னாள். கணவர் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை அந்த அளவில் இருந்தது.

கிராமங்களில் காசிநாதன் சொன்னது அப்படியே நடந்தது. தண்ணீர் வண்டியை யாரும் பார்க்கவில்லை. கொளஞ்சியம்மாள் கூட மகிழ்ந்துபோய், "இதுதான் தம்பி பொருத்தமான வண்டி. இனிமே நீ எந்தம்பி மவன் இல்ல. திருப்பூருக்கே போயிட்டதாச் சொல்லிட்டேன்" என்றார்.

கஷ்டம் டவுனில் வந்தது. பெரம்பலூர் பாலக்கரை பக்கம் ஒருவர் காருக்குள் சாவியை வைத்துப் பூட்டிவிட்டுப் போன் போட்டார். மணிவண்ணன் பறந்துகொண்டு போனார். காருக்குப் பின்னால் வேனை நிறுத்தினார். கார்க்காரர் கையை ஆட்டினார்.

"தண்ணிலாம் வேணாம்ணே, வண்டிய எடுங்க. சாவிக்காரர் வர்ற நேரம், எடத்த அடைக்காதீங்க."

"நாந்தாங்க சாவிக்காரர்."

அவர் வண்டியைப் பார்த்தார், மணிவண்ணனைப் பார்த்தார், கேன் படத்திலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தார். "சார், சும்மாவே டென்ஷன்ல இருக்கேன்" என்றார்.

கதவைத் திறந்து காட்டிய பிறகுதான் நம்பினார். நம்பியும் முழுசாக நம்பவில்லை; போகும்போது, "ஒரு கேன் எவ்ளோண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மணிவண்ணன் கமலவேணியிடம் முறையிட்டார். "டவுனுல சாவிக்காரன்னு தெரியணுங்கறாங்க. கிராமத்துல தெரியவே கூடாதுங்கறாங்க. நான் இப்ப யாரு?"

"மொதல்ல ரசத்த ஊத்திக்கங்க" என்றாள் கமலவேணி. மறுநாள் அவளே ஒரு ஃபிளெக்ஸ் அடித்து வந்தாள். பெரிய சாவிப் படம், போன் நம்பர். பின்கதவில் மேலே கட்டினாள். பைபாஸில் போகும்போது கீழே இறக்கிவிட வேண்டும். கிராமத்துக்குள் நுழையும்போது பாய் மாதிரிச் சுருட்டிக் கயிற்றால் கட்ட வேண்டும். ஊர் எல்லையில் வேன் நிற்பதும், ஒருவர் இறங்கி ஓடிப்போய் எதையோ சுருட்டுவதும், ஏதோ திருட்டு வேலை போலவே இருந்தது. ஆனால் வேலை வந்தது. திருச்சிக்காரனுக்குப் போன கார்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. டாக்டர் கூட ஒரு தடவை கூப்பிட்டார்.

ஆடி போய், ஆவணி போய், புரட்டாசி போய், ஐப்பசி வந்தது. மணிவண்ணன் நிம்மதியாக இருந்தார். அது தனக்குப் பழக்கமில்லாத நிலை என்பதால் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அந்தப் பயம் ஒரு காலை வேளையில் அறிவரசன் உருவத்தில் வந்தது. கீழப்பழுவூர் பக்கத்தில் நிஜமாகவே தண்ணீர் கேன் போடுகிறவர். தன் நீல வேனை மணிவண்ணன் வேனுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு இறங்கினார். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"அண்ணே, என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே!"

"நான் ஒரு கேன்கூட வித்ததில்லீங்க தம்பி."

"வித்திருந்தாத் தேவலாமே! கீழப்பழுவூர்ல எந்த வூட்டு வாசல்லயும் என்னை நிறுத்த வுடமாட்டேங்கறாங்க. வண்டிய ஓரங்கட்டினா உள்ளேருந்து ஓடியாந்து, 'இங்க நிக்காத, தள்ளிப்போ, எங்க வூட்டுல ஒண்ணும் தொலையல'ன்னு வெரட்டறாங்க. தண்ணி கொண்டாந்தவன்கிட்ட எதுக்கு இந்தப் பேச்சுன்னு ஒண்ணும் புரியாம ஒரு மாசம் சுத்துனேன்."

மணிவண்ணனுக்கு மெல்லப் புரிந்தது. தெருவில் ஒரு வீட்டம்மா ரகசியமாகக் கூப்பிட்டார். அவர் வீட்டைப் பார்த்து எதிர்வீட்டம்மா சந்தேகப்பட்டார். சந்தேகப்பட்டவரே அடுத்த மாதம் ரகசியமாகக் கூப்பிட்டார். இப்படி ஒவ்வொரு வீடும் கூப்பிட்டாகிவிட்டது. நீல வண்டி ஒரு வாசலில் நின்றால் அந்த வீட்டுச் சாவி தொலைந்தது என்று இப்போது எல்லா வீட்டுக்கும் தெரியும். தெரியும் என்பதை யாரும் சொல்ல முடியாது. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும்.

"வண்டிப் பேர அழிச்சுடுங்கண்ணே."

"அழிச்சா கரண்டு ஆபீஸ் வண்டி ஆயிடும் தம்பி."

அறிவரசன் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒண்ணு பண்றேன். நான் என் வண்டியில பெருசா ஒரு சாவிப் படம் வரைஞ்சுக்கறேன். அப்பத்தான் தண்ணிக்காரன்னு நம்புவாங்க."

இது சரியான யோசனையா பைத்தியக்கார யோசனையா என்று மணிவண்ணன் எடைபோட்டுக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. கொளஞ்சியம்மாள்.

"தம்பி, தண்ணி வேணும். சீக்கிரம் வாங்க."

மணிவண்ணன் குரலைத் தாழ்த்தினார். "எந்தப் பூட்டுங்கம்மா?"

"பூட்டா? தண்ணிப்பா! குடிக்கற தண்ணி! சத்யாவுக்கு வளைகாப்பு, வூடு நெறயச் சனம், இந்தத் தண்ணிக்காரன் தெருப் பக்கமே வரமாட்டேங்கறான். ஒங்க வண்டியிலதான் அவ்வளவு பெருசா எழுதியிருக்குல்ல, ரெண்டு கேன் எடுத்துக்கிட்டு வாங்க!"

வளைகாப்புக்கு வந்த சனம் முன்னால் நீல வண்டி நிற்கப்போகிறது என்று நினைத்ததும் மணிவண்ணனுக்கு வியர்த்தது. தெருவே உள்ளுக்குள் வைத்திருந்த விஷயம், யாராவது ஒருத்தர் வாய் தவறினால் போதும், பொதுவாக வெடித்துவிடும். வெடித்தால் அந்தத் தெருவில் மட்டுமில்லை, எந்தத் தெருவிலும் ஒரு பெண் அவரைக் கூப்பிடமாட்டாள். கார் வேலை மட்டும் சோறு போடாது. சென்னையில் அந்த விசில் இன்னும் காத்திருக்கிறது. போகாமலிருந்தாலோ, வளைகாப்பு வீட்டில் தண்ணீரில்லை.

"நீங்க போங்க தம்பி, ஒங்க தண்ணிதானே" என்றார் அறிவரசனிடம்.

"அந்தத் தெருவுக்கா? போன வாரம் வெளக்குமாத்தக் காட்டினாங்க. நான் கேன் தரேன், ஒங்க வண்டியில ஏத்துங்க. கூட வந்து ஒக்காந்துக்கறேன், எறங்கமாட்டேன்."

ஊர் எல்லையில் ஃபிளெக்ஸைச் சுருட்டிக் கட்டிவிட்டு மணிவண்ணன் தெருவுக்குள் நுழைந்தார். அறிவரசன் சீட்டில் தலையைக் குனிந்துகொண்டார். கொளஞ்சியம்மாள் வீட்டு வாசலில் ஷாமியானா. பட்டுப்புடவையும் பூவுமாகப் பெண்கள். நீல வண்டியைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பந்தலில் இருந்த அத்தனை பெண்களின் வலது கையும், யாரும் சொல்லாமலே, ஒரே நேரத்தில் அவரவர் இடுப்புக்குப் போயிற்று.

மணிவண்ணன் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். நிஜமான தண்ணீர், தளும்பியது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

உள்ளே பிரவீணா பீரோ இருக்கிற அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, அதே வேகத்தில் வந்தாள். அவள் முகத்தில் பல வருஷம் காத்திருந்த வெளிச்சம்.

"அத்தை, பீரோ சாவி எங்க? தொலைச்சுட்டீங்களா?"

"என்னாடி பேசற? தண்ணிக்குத்தான் சொன்னேன்!"

"தண்ணிக்குன்னா இவரு ஏன் வர்றாரு?"

கொளஞ்சியம்மாள் திகைத்து நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் உண்மையைச் சொல்லியிருந்தார். அதை நம்ப ஓர் ஆள் இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்து, இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி, பந்தலுக்கு நடுவில் கையை உயர்த்தி ஆட்டினார்.

"பாருங்கடி எல்லாரும்! இருக்கு! பத்திரமா இருக்கு!"

எல்லாரும் பார்த்தார்கள். துருவேறிக் கறுத்த பழைய கொத்து. அதில் ஒரே ஒரு சாவி மட்டும், மணிவண்ணன் ராவிக் கொடுத்த அந்தப் பீரோ சாவி, வெயிலில் பளீரென்று மின்னியது.

மணிவண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பிரவீணாவின் கை முன்னால் நீள ஆரம்பித்தது.

"நல்லாத் தொடச்சு வச்சிருக்கீங்க அக்கா" என்றது ஒரு குரல். எதிர்வீட்டு கிருஷ்ணம்மாள். "நானுந்தான் புளி போட்டுத் தேய்ச்சேன், இவ்வளவு பளபளப்பு வரல."

"சாம்பல் போட்டுப் பாருங்க" என்றாள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி.

"ஆமா, சாம்பல்தான் நல்லது. எங்க வூட்டுதும் இப்பிடித்தான் மின்னும்" என்றாள் இன்னொருத்தி. தலைகள் வரிசையாக ஆடின. ஒருத்திகூடத் தன் கொத்தை வெளியே எடுக்கவில்லை. இடுப்பில் இன்னும் ஆழமாகச் சொருகிக்கொண்டார்கள். பிரவீணா நீட்டிய கைக்கு யாரோ ஒரு சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டார்கள். அவளும் வேறு வழியில்லாமல் சந்தனம் பூசப் போனாள்.

மணிவண்ணன் கேனைக் கொண்டுபோய் பீரோ இருக்கிற அறையில் இறக்கினார். இறக்கிய கையோடு, பழக்கம், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டார். பீரோவை யாரும் திறக்கவில்லை என்பது சற்றுக் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் முதுகுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. கிருஷ்ணம்மாள்.

"தம்பி, திரும்பாதீங்க. நாளைக்கு நம்ம வூட்டுக்கும் ஒரு கேன்."

"தண்ணிங்களாம்மா?"

வளையல் சத்தம் வெளியே போய்விட்டது.

வண்டி நின்ற இடத்திலிருந்து அறிவரசன் கத்தினார்: "அண்ணே, நாளையிலேருந்து நான் இங்க தண்ணி கொண்டாரலாமா, கூடாதா?"

மணிவண்ணனுக்குத் தெரியவில்லை. எதிரே அந்தக் காலண்டர் தொங்கியது. குனிந்து கடகத்தைத் தேடினார். தெளிவு என்று போட்டிருந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தவர் தேதியைப் பார்த்தார். வளைகாப்பு அவசரத்தில் யாரும் தாளைக் கிழிக்கவில்லை. அது நேற்றையது.